வேலூர் எதை நம்பிப் பிழைக்கிறது? மருத்துவமனைக்குப் பக்கத்து விடுதியா, பேரணாம்பட்டு அப்பர் யூனிட்டா?

கேள்வி
எழுதியவர்: கோட்டைவாசல்

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் உள்ள பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் கழித்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்காலப் பணத்தை எதில் போடுவது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. வேலூர் சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் தகப்பனார் விட்டுச்சென்ற ஓட்டு வீடு இருக்கிறது, அங்கிருந்து சி.எம்.சி. மருத்துவமனை வாசலுக்கு நடந்தே போய்விடலாம். அதை இடித்துவிட்டுப் பத்து அறைகள் கொண்ட விடுதியாகக் கட்டி வெளிமாநில நோயாளிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். பேரணாம்பட்டில் 24 தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஆம்பூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஷூவின் அப்பர், அதாவது மேல்பாகம், தைத்துக் கொடுக்கும் என் மைத்துனரோ, தம்மோடு கூட்டுச் சேர்ந்தால் இயந்திரங்களை இரட்டிப்பாக்கலாம் என்கிறார்.

எனக்குள்ள தயக்கம் லாப நஷ்டக் கணக்கைப் பற்றியது மட்டுமன்று. எங்கள் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுப்பதற்கென்றே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஏராளமான சிறு பட்டறைகள் முளைத்திருந்தன. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறையத் தொடங்கியபோது முதலில் பட்டினி கிடந்தவை அந்தப் பட்டறைகளே. வாசலில் இரும்பு பிளேட்டுகள் துருப்பிடித்துக் கிடக்க, உள்ளே ஆளில்லாமல், காவலாளி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரே ஆணியில் மாட்டிய சட்டை, ஆணி கழன்றால் தரையில்தான் விழும்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: வேலூர் நகரத்தின் பொருளாதாரம் உண்மையில் எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது? தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1981இல் சலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார் என்பதால் அந்தப் பழமொழியில் மூன்றில் ஒரு பங்கு காலாவதியாகிவிட்டது. ஆனால் தொழிற்சாலை இல்லாத மாநகராட்சி என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. 2019 நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை, மேல்விஷாரம், அரக்கோணம் ஒரு பக்கமும், ஆம்பூர், வாணியம்பாடி மறுபக்கமும் போய்விட்டன. மீதமிருக்கும் வேலூர் எதை விற்றுச் சாப்பிடுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: தோட்டப்பாளையத்தான்

ஐயா, பதினெட்டு ஆண்டுகளாக 14 அறைகள் கொண்ட சிறிய விடுதியை நடத்திவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேலூர் எதையும் விற்பதில்லை, வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, 1940களில் கல்லூரியாக உயர்ந்தது என்ற வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொருளாதாரம் என்று பார்த்தால் திருப்பம் ஏற்பட்டது பின்னால்தான். இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவைச் சிகிச்சைகளில் ஒன்றும், 1971இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையும், 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்றும் இங்கே நடந்தன. அந்தப் பெயர்தான் கொல்கத்தாவிலும் ராஞ்சியிலும் குவஹாத்தியிலும் இருப்பவர்களை ரயிலேற்றியது.

அப்படி வருகிறவர்கள் ஒரு நாளில் திரும்புவதில்லை. பரிசோதனை, அதன் முடிவு, அடுத்த துறைக்குப் போதல், மீண்டும் தேதி வாங்குதல் என்று குறைந்தது பத்து நாட்களாவது ஆகிவிடும். நோயாளியோடு இரண்டு பேராவது உடன் வருவார்கள். ஹவுரா வண்டி காட்பாடிக்கு வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் காந்தி ரோட்டையும் பாபு ராவ் தெருவையும் பாருங்கள். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்குவது நோயாளியல்ல, மூட்டை. அதில் அரிசியும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெய்ப் புட்டியும் இருக்கும். அதனால்தான் எங்கள் தெரு விடுதிகளில் அறையோடு சேர்த்து எரிவாயு அடுப்பையும், ஒரு குக்கரையும், இரண்டு பாத்திரங்களையும் தனி வாடகைக்குத் தருகிறோம். வாசலில் ஆற்று மீன் விற்கும் அம்மா வங்காளத்தில் விலை சொல்கிறார். மருந்துக்கடைப் பலகை மூன்று மொழிகளில் இருக்கிறது. சலவைக்காரர், மொழிபெயர்த்து உடன் போகும் பையன், ஸ்கேன் மையம், செல்பேசி ரீசார்ஜ் கடை, கண்ணாடிக் கடை என்று அந்த ஒரு வாசலை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணி முடியாது.

ஆனால் உங்கள் ஆணிக் கணக்கு இங்கேயும் பொருந்தும் என்பதை மறைக்க மாட்டேன். கொரோனா ஊரடங்கில் ரயில் நின்றதும் பாபு ராவ் தெருவில் நாய்கள் மட்டுமே படுத்திருந்தன. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, இந்திய விசா வழங்குவது சுருங்கியபோது, அந்நாட்டு நோயாளிகளையே நம்பியிருந்த விடுதிகளில் சாவிகள் பலகையில் அப்படியே தொங்கின. என்னிடம் அப்போது பாதிக்கு மேல் வங்கதேசத்தவர்கள்தான். ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் பதிய வேண்டும் என்பதால், அதற்கென்றே ஒரு பையனை வேலைக்கு வைத்திருந்தேன். மூன்றே மாதத்தில் அவனை அனுப்ப வேண்டியதாயிற்று. துர்கா பூசை வாரங்களில் அறைகள் காலியாகும், பூசை முடிந்ததும் நிரம்பும் என்பது போன்ற ஏற்ற இறக்கம் பழகிப்போனது, இது அப்படிப்பட்டதன்று.

இன்னொன்று. மருத்துவமனை 2022இல் ரத்தினகிரிக்கு அருகே கன்னிகாபுரத்தில் புதிய வளாகத்தைத் திறந்து, பல துறைகளை அங்கே கொண்டுபோய்விட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில், கார் நிறுத்த இடத்துடன், மின்தூக்கி வைத்த புதிய விடுதிகள் அங்கே எழுந்துவிட்டன. வேலூர் நகருக்குள் பத்து அறை கட்ட வேண்டுமென்றால், எந்தத் துறையின் நோயாளிகள் இனியும் பழைய வளாகத்துக்கு வருவார்கள் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். உங்கள் மகன் சொல்வது பத்தாண்டுகளுக்கு முன்பு மிகச் சரியான யோசனையாக இருந்திருக்கும்.


பதில் 2
எழுதியவர்: மண்டித்தெரு கணக்கர்

மன்னிக்கவும், மருத்துவமனைதான் வேலூர் என்பது காந்தி ரோட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை. லாங்கு பஜாரிலும் மண்டித் தெருவிலும் விடியற்காலை லாரிகள் இறக்கும் அரிசி, வெல்லம், வெங்காயம் ஆகியவற்றை ஆரணியிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் வரும் சில்லறைக் கடைக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடுகள் கைமாறுகின்றன. புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு முதல் விலை வைப்பதும் நம் மார்க்கெட்தான். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. ஒரு தனி ஊர். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் மாணவர்கள் தங்குவதையும் தின்பதையும் வைத்து ஒரு தலைமுறை வீடு கட்டிக்கொண்டது. நான்கு கால்களில் நிற்கிற மேசையை ஒற்றைக் கால் மேசை என்று சொல்ல வேண்டாம் என்பதற்காக எழுதினேன். விடுதிக்கும் அப்பருக்கும் நடுவே எது நல்லது என்பது எனக்குத் தெரியாத விஷயம்.


பதில் 3
எழுதியவர்: பச்சைத்தோல்

அன்புள்ள ஐயா, நான் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், டெக்னீஷியனாக நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். உங்கள் மைத்துனரின் யோசனையைப் பற்றிச் சொல்வதற்கு முன், தோல் எப்படி நம் பகுதிக்கு வந்தது, பணம் அதில் எந்தப் படியில் தங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்; கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

பாலாற்று மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கிடைத்தது. மலையடிவாரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தன. சுற்றியுள்ள ஊர்களில் ஆடும் மாடும் இருந்தன. வணிகம் தெரிந்த முஸ்லிம் குடும்பங்கள் ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்தே இங்கே வேர்விட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் நம் வாலாஜா ரோடு. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போய் ஏலத்தில் விற்றது. ஆக, தோல் தொழில் தொடக்கத்திலிருந்தே வெளியூர்க்காரன் விலை வைக்கிற தொழில். இன்று புதிதாக அப்படி ஆகிவிடவில்லை.

அப்போது நம்மிடமிருந்து போனது பாதி வேலை முடிந்த தோல். அதை வாங்கிச் சாயமேற்றிச் செருப்பாக்கிப் பெரும்பங்கு லாபத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதை மாற்ற வேண்டுமென்று சீதாராமையா குழு பரிந்துரைத்ததன் பேரில், 1973 முதல் பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்தது. அன்று பலர் தொழிலே முடிந்துவிட்டது என்று புலம்பினார்கள். நடந்தது வேறு: டேனரிகள் ஃபினிஷிங் இயந்திரம் வாங்கின, அடுத்து அப்பர் தைக்கத் தொடங்கின, அதற்கடுத்து ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் முழு ஷூ செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. ஒவ்வொரு படி ஏறும்போதும் அதே தோலுக்குக் கிடைக்கும் பணம் கூடியது. வேலைக்கு வந்த கைகளும் கூடின.

அந்தப் படிகளை ஒரு டிரம்மின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். உப்பிட்ட தோல் மண்டியிலிருந்து வருகிறது. ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரை நீக்கி, உள்பக்கத்துச் சதையை வழித்தெடுத்து, ஆள் உயரத்தை விடப் பெரிய மர டிரம்மில் குரோமியம் உப்போடு சுற்றவிடுகிறோம். டிரம்மைத் திறந்து தோலை வெளியே இழுக்கும்போது அது மழைக்குப் பின் தெரியும் வானத்தின் நிறத்தில் இருக்கும். அதைத்தான் வெட் புளூ என்கிறோம். ஓர் ஓரத்தை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டு, சுருங்காவிட்டால்தான் அந்தச் சரக்கு தேறியது என்று எழுதுவேன். ஒரு டன் பச்சைத்தோலுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகும். கடைசியில் தோலாகக் கைக்கு வருவது கால் டன்னுக்குள்தான். மீதியெல்லாம் உப்பாகவும் சதையாகவும் கழிவுநீராகவும் போகிறது. எங்கே போனது என்பது பாலாற்றங்கரைக் கிணறுகளுக்குத் தெரியும்.

நான் சோறு தின்ற தொழில் என்பதற்காக அதை மறைப்பது நியாயமாகாது. என் சொந்தப் பாட்டனார் நட்ட தென்னைகள், நான் மாதச் சம்பளம் வாங்கிய அதே தொழிலின் உப்பு நீரால் குருத்து கருகி நின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என் சித்தப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் சேந்தி என் முன்னால் வைப்பார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியென்று அறிவித்து, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் நம் ஊரின் பெயரைச் சொல்லாமல் தேர்வெழுத முடியாது. இப்படியும் ஒரு புகழ். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், அதன் பிறகு கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றக் கூடாது என்ற கட்டாயம், அதற்கான சவ்வூடு பரவல் இயந்திரங்கள், அவற்றின் மின்கட்டணம் என்று செலவு ஏறிக்கொண்டே போனதில் சிறிய டேனரிகள் பல ஷட்டரை இறக்கின. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் 2025 ஜனவரி 30ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும், நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் டேனரிகளின் பொறுப்பு என்பது அதன் சாரம். ஆக, டேனரியில் புதிதாகப் பணம் போட யாராவது கேட்டால் நான் வேண்டாமென்றே சொல்வேன்.

உங்கள் மைத்துனருடையது டேனரியன்று, அப்பர் யூனிட். அதற்குத் தண்ணீரும் வேண்டாம், கழிவும் இல்லை, வெட்டுத்துண்டுதான் மிச்சம். ஆனால் அது ஜாப் ஒர்க் என்பதை மறக்காதீர்கள். தோல் ஏற்றுமதியாளருடையது, அச்சு அவருடையது, நூல்கூட அவர் சொல்லும் நிறுவனத்துடையது. உங்களுடையது இயந்திரமும், மின்கட்டணமும், தைக்கிற பெண்களின் கூலியும்தான். ஓய்வு பெற்ற பின் நானும் என் நண்பரும் இப்படியொரு யூனிட்டை மூன்று ஆண்டுகள் நடத்தினோம். ஸ்கைவிங் இயந்திரத்தில் ஓரத்தைச் சீவும்போது கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கிவிட்டது. மடித்துத் தைத்த இடத்தில் தோல் விட்டுப்போனது. 600 ஜோடி அப்பர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கூலி போனதோடு நிற்கவில்லை, வீணான தோலின் விலையையும் எங்கள் பில்லில் கழித்தார்கள். அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா என்று கேட்டோம். ஒப்பந்தமே கிடையாது, எல்லாம் டெலிவரி சலானில் எழுதியதுதான் என்று வக்கீல் சிரித்தார்.

கோடைக்கால ஆர்டர் முடிந்து குளிர்கால ஆர்டர் தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் இயந்திரங்கள் சும்மா கிடக்கும்; வட்டி சும்மா கிடக்காது. 1990ஐ ஒட்டி ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனம் உள்ள தோலைத் தடை செய்தபோதும், பின்னர் சில அசோ சாயங்களைத் தடை செய்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோதும், முடிவெடுத்தவர்கள் ஜெர்மனியிலும் வாஷிங்டனிலும் இருந்தார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்தவர்கள் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இருந்தார்கள்.

இனி தோல் ஷூவே பெரிதாக வளருமா என்பதும் ஐயம். உலகம் துணியாலும் ரப்பராலும் ஆன விளையாட்டு ஷூவுக்குப் போய்விட்டது. பழைய வட ஆற்காட்டின் செய்யாற்றில் தைவான் நிறுவனம் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறது. பனப்பாக்கத்தில் 1,500 கோடி ரூபாய் முதலீட்டில் 25,000 பேருக்கு வேலை தருவதாகச் சொல்லும் ஹாங் ஃபூ நிறுவனத்தின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாடா மோட்டார்சின் கார் ஆலை. அந்தப் பெரிய ஆலைகள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்துகொள்ளும். 24 இயந்திரங்கள் வைத்த யூனிட்டுக்கு அங்கே வேலை இருக்காது என்பது என் கணிப்பு. தவறாகவும் இருக்கலாம்.


பதில் 4
எழுதியவர்: குடியாத்தத்து மகள்

பெரியவர்கள் எழுதியதை முழுவதும் படித்தேன். ஆணி, படி, கால் என்று எல்லாவற்றையும் பேசினீர்கள். தைக்கிற பெண்களின் கூலி என்று ஒரே ஒரு சொற்றொடரில் கடந்துவிட்டீர்கள். யூனிட்டை இரட்டிப்பாக்குவதா என்ற கேள்விக்கு விடை அந்தச் சொற்றொடருக்குள்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நான் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன்.

எங்கள் குடியாத்தத்தில் கைலித் தறியும், தீப்பெட்டியும், பீடியும்தான் தொழில். என் தாயார் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்த பீடி இலையை இரும்பு அச்சின்படி கத்தரியால் வெட்டி, தூள் நிரப்பி, சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக்கை சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கட்டுகளை ஒப்படைக்கும்போது கடைக்காரர் இது சரியில்லை, அது தளர்வு என்று ஒரு கையளவு எடுத்து ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியது அவருடைய கல்லாவுக்குப் போகும், அம்மாவின் கணக்கில் வராது. சரக்கைத் திருப்பி அனுப்பிய ஏற்றுமதியாளரைப் பற்றி பச்சைத்தோல் ஐயா எழுதியதைப் படித்தபோது அந்தக் கடைக்காரரின் விரல்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

என் தலைமுறைப் பெண்கள் பீடி முறத்தை விட்டு ஷூ கம்பெனிக்கு வந்ததற்குக் கூலி மட்டும் காரணமன்று. கம்பெனிப் பேருந்து ஊர் முனைக்கே வருகிறது. மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுகிறது. வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் இருக்கின்றன. தாயாருக்கு நெஞ்சுவலி வந்தபோது இ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டித்தான் வைத்தியம் பார்த்தேன். போஸ்ட் பெட் இயந்திரத்தில் வளைவுத் தையல் சரியாகப் போடுவதற்கு ஒரு பெண்ணுக்கு ஆறு மாதப் பழக்கம் வேண்டும். அப்படிப் பழகியவளை எந்தக் கம்பெனியும் விடுவதில்லை. ஆகவே பேரணாம்பட்டு யூனிட்டில் இயந்திரங்களை 24இலிருந்து 48 ஆக்குவது எளிது, பணம் கொடுத்தால் இயந்திரம் வந்துவிடும். அதில் உட்காரப் போகும் 24 பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் மைத்துனரைக் கேளுங்கள். வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பிடிக்கிறாரா என்றும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால், பழகிய பெண்கள் காலையில் அவருடைய யூனிட்டைக் கடந்து ஆம்பூர்ப் பேருந்தில் ஏறிப்போவதை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதோடு, கைகளால் தைக்கும் மொக்காசின் வகை அப்பர்களை இன்றும் வீட்டுக்கு வீடு கொடுத்து ஜோடிக்கு இத்தனை என்று கூலி தருகிறார்கள். அது முறத்தை மாற்றித் தோலைக் கொடுத்ததுதானே தவிர வேறொன்றுமில்லை. உங்கள் பணம் அதற்குப் போகக் கூடாது என்பது என் வேண்டுகோள்.


பதில் 5
எழுதியவர்: கோட்டைவாசல்

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் ஐயாவின் நான்கு கால் மேசையை ஏற்றுக்கொள்கிறேன்; நேற்று லாங்கு பஜாரில் நின்று பார்த்தபோது அவர் சொன்னது கண்ணில் பட்டது. ஆனால் வெல்லம் வாங்க வரும் ஒடுகத்தூர்க் கடைக்காரர், தம் ஊரில் யாருடைய சம்பளத்தை நம்பி அதை விற்கிறார் என்று கேட்டேன். மகள் ஷூ கம்பெனிக்குப் போகிற வீடுகளும், மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளும்தான் ரொக்கத்துக்கு வாங்குகின்றன, மற்றவையெல்லாம் கடன் நோட்டில்தான் என்றார்.

குடியாத்தத்து மகளே, நீ கேட்கச் சொன்ன இரண்டையும் மைத்துனரிடம் கேட்டேன். பெண்களைப் பற்றிக் கேட்டதும், ஆட்கள் வருவார்கள் என்றார். வைப்பு நிதியைப் பற்றிக் கேட்டதும், காபி சாப்பிடுங்கள் என்றார். கூட்டுச் சேர்வதை ஒத்திவைத்திருக்கிறேன். முதலில் இருக்கிற 24 பேரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், ஆம்பூர்க்காரர் ஒருவரையே நம்பாமல் இன்னொருவருக்கும் தைத்துக் கொடுங்கள், அதற்குப் பணம் தேவைப்பட்டால் கடனாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் சகோதரி இரண்டு நாட்களாகப் பேசவில்லை.

விடுதியைப் பொறுத்தவரை மகன் இன்னும் விடவில்லை. தோட்டப்பாளையத்தார் என்ன சொல்கிறார்?


பதில் 6
எழுதியவர்: தோட்டப்பாளையத்தான்

மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள் ஐயா. சந்தின் அகலம் என்ன? கிணறு இருக்கிறதா, அதில் வேனிலிலும் தண்ணீர் நிற்கிறதா? வீட்டில் எத்தனை அறைகளுக்குத் தனி வாசல் வைக்க முடியும்?


பதில் 7
எழுதியவர்: கோட்டைவாசல்

இன்று டேப் பிடித்து அளந்தேன். சந்து ஏழரை அடி. ஆட்டோ நுழைகிறது, ஆம்புலன்ஸ் நுழையாது. கிணறு 40 அடி ஆழம்; தூர் வாரிப் பல ஆண்டுகளாகிவிட்டன, ஆனாலும் அடியில் தண்ணீர் தெரிகிறது. கொஞ்சம் கடினமான தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் ஆகும். தாழ்வாரத்தைத் தடுத்தால் மூன்று அறைகளுக்குத் தனி வாசல் வரும்.


பதில் 8
எழுதியவர்: தோட்டப்பாளையத்தான்

அப்படியானால் இடிக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் நுழையாத சந்தில் பத்து அறை விடுதி கட்டினால் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை ஏற்ற முடியாது. தீயணைப்புத் துறையின் சான்றும் எளிதில் கிடைக்காது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக ஐந்தாறு வாரம் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நடமாட்டம் உள்ளவர்கள், நாள் தவறாமல் மருத்துவமனைக்கு நடந்து போய் வருகிறவர்கள். அவர்களுக்கு விடுதியறை மூச்சு முட்டும். தாழ்வாரமும் கொல்லையும் உள்ள வீடு கிடைத்தால் வாரக் கணக்கில் பேசிக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்று அறை, மூன்று அடுப்பு, பொதுவாக ஒரு குளிர்சாதனப் பெட்டி போதும். ஓட்டை மாற்றுங்கள், கிணற்றைத் தூர் வாருங்கள், கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றிக் கைப்பிடி வையுங்கள். மாநகராட்சி அனுமதிக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதை நேரில் வந்தால் சொல்கிறேன். காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்பு அறை காலி செய்கிறவர்களின் கணக்கு முடிக்க வேண்டியிருக்கும்.


பதில் 9
எழுதியவர்: கோட்டைவாசல்

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு மகனையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.